நோயாளியோடு நெருக்கம் எதுவரை? செவிலியருக்கும் பராமரிப்பாளருக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

மருத்துவமனை வார்டிலோ முதியோர் இல்லத்திலோ வீட்டோடு தங்கி ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையிலோ சேரும்போது ஊசி போடுவது, படுக்கை மாற்றுவது, மருந்துக் கணக்கு வைப்பது எல்லாம் சொல்லித்தருவார்கள். நோயாளியின் மகன் இரவு 11 மணிக்கு வாட்ஸ்அப்பில் கூப்பிட்டால் எடுக்கலாமா? பாட்டி தன் மோதிரத்தைக் கழற்றி உங்கள் கையில் வைத்தால் என்ன சொல்வது? "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ சிஸ்டர்" என்று மறுபடி மறுபடி நைட் டூட்டி போட்டால் எப்படி மறுப்பது? இதையெல்லாம் சொல்லித்தர ஆள் கிடைப்பது அரிது.

எல்லை வைத்தால் அன்பு குறைந்துவிடுமோ என்ற பயம்தான் பலரைத் தடுக்கிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வார்டில் முப்பது பேர் படுத்திருக்கும்போது, ஒருவருக்கு மட்டும் உங்கள் சொந்த நேரமும் சொந்தப் பணமும் போனால் மற்றவர்களுக்கு என்ன மிஞ்சும்? அந்த ஒருவருக்கும்கூட நல்லதில்லை. நீங்கள் லீவு எடுக்கும் நாளில் அந்தக் கவனிப்பு நின்றுபோகும். அன்று டூட்டிக்கு வரும் சிஸ்டர், தன் வேலையை ஒழுங்காகச் செய்தாலும், கல்நெஞ்சுக்காரியாகத் தெரிவார். நோயாளிக்கு நாளைக்கும் அதே கவனிப்பு கிடைக்க வேண்டும். அதற்காகத்தான் எல்லை. இனி வரும் எல்லாவற்றையும் அந்தக் கண்ணோடு படியுங்கள்.

1. இரண்டு பக்கமும் விழலாம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

அமெரிக்க மாநிலச் செவிலியர் வாரியங்களின் தேசியக் கவுன்சில், செவிலியர்களுக்கு இதை ஒரு நீண்ட கோடாக வரைந்து காட்டுகிறது. ஒரு முனையில் அளவுக்கு மீறிய ஈடுபாடு, மறுமுனையில் போதாத ஈடுபாடு, நடுவில்தான் நோயாளிக்குப் பயன்படும் பகுதி. எல்லை என்றதும் நாம் முதல் முனையை மட்டும்தான் நினைக்கிறோம். ஒரு படுக்கைப் பக்கம் மட்டும் போகாமல் தவிர்ப்பது, எச்ஐவி என்று தெரிந்ததும் பேச்சைக் குறைப்பது, புண் நாறுகிறது என்று டிரஸ்ஸிங்கை அடுத்த ஷிஃப்டுக்குத் தள்ளுவது, ஆளின் சாதியையோ அழுக்குத் துணியையோ பார்த்துக் குரல் மாறுவது, இவையும் எல்லை மீறல்தான். நோயாளிக்குச் சேர வேண்டியதை எடுத்துவிடுகிறோமே.

அளவுக்கு மீறிப் போகிறது என்பதற்குச் சில அறிகுறிகள் உண்டு. ஒரு நோயாளிக்காக மட்டும் ஷிஃப்டை மாற்றிக் கேட்கிறீர்கள். "இவரை என்னைத் தவிர யாராலும் சரியாகப் பார்த்துக்கொள்ள முடியாது" என்று தோன்றுகிறது. அவருடைய குடும்பச் சண்டையில் ஒரு கட்சி பிடித்துவிட்டீர்கள். டூட்டி முடிந்த பிறகும் அவர் சாப்பிட்டாரா என்று போன் போட்டுக் கேட்கிறீர்கள். இதில் ஒன்றிரண்டு எப்போதாவது நடப்பது மனித இயல்பு. எல்லாம் சேர்ந்து, மறைத்து நடக்கத் தொடங்கினால் நின்று பார்க்க வேண்டும்.

2. உங்கள் வேலை எது என்று முதல் நாளே எழுதிக்கொள்ளுங்கள்

மருத்துவமனையில் இது ஓரளவு எழுதியே இருக்கும். பெரும் சிக்கல் வீட்டுப் பராமரிப்பில்தான். ஏஜென்சி "பேஷண்டைப் பார்த்துக்கணும்" என்று ஒரே வரியில் அனுப்பிவிடும். போன மறுவாரமே குடும்பம் முழுவதுக்கும் தோசை சுடுவதும், பேரனை ஸ்கூல் வேனில் ஏற்றிவிடுவதும் உங்கள் வேலையாகியிருக்கும். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. தெளிவாகப் பேசாத இடத்தில் வேலை தானாக வளரும், அவ்வளவுதான்.

ஆகவே முதல் நாளே குடும்பத்தோடு உட்கார்ந்து பேசி, ஒரு தாளில் எழுதி, நீங்களும் குடும்பமும் ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை வேலை, 24 மணி நேரமும் தங்குவதென்றால் தூக்கம் எப்போது, எங்கே படுப்பது, வார விடுமுறை எந்த நாள், அன்று மாற்று ஆள் யார், சாப்பாடு யார் பொறுப்பு, நோயாளியின் துணியும் பாத்திரமும் மட்டுமா வீட்டுடையதுமா, அவசரம் என்றால் எந்த மருத்துவரை அழைப்பது, இவையெல்லாம் அதில் இருக்கட்டும். உங்களுக்குப் பயிற்சி இல்லாதது எது என்பதையும் எழுதுங்கள். "நரம்பு ஊசி போட மாட்டேன், ட்யூப் மாற்ற மாட்டேன்" என்று முன்கூட்டியே சொல்வது வெட்கப்பட வேண்டிய விஷயம் இல்லை. நடு இரவில் பதற்றத்தோடு கற்றுக்கொள்ளக் கூடிய வேலையில்லை அது.

3. சந்தேகம் வரும்போது ஒரே ஒரு சோதனை

"நான் இப்போது செய்யப்போவதை கேஸ் ஷீட்டில் எழுத முடியுமா? ஹேண்ட் ஓவரில் அடுத்த சிஸ்டரிடம் சொல்ல முடியுமா?"

ஆச்சரியப்படும் அளவுக்கு இந்த ஒரு கேள்வி வேலை செய்கிறது. அழுதுகொண்டிருந்தவரின் கையைப் பத்து நிமிடம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள் என்றால் தாராளமாக எழுதலாம்: "பயமாக இருக்கிறது என்றார், உடன் இருந்து பேசினேன்." நோயாளியின் ஏடிஎம் கார்டில் பணம் எடுத்துக்கொடுத்ததை எழுதக் கை தயங்குகிறதா? அந்தத் தயக்கமே பதில். நல்ல காரியமாகவே இருந்தாலும், மறைக்க வேண்டியிருந்தால் அதை இன்சார்ஜ் சிஸ்டரிடமோ ஏஜென்சியிடமோ குடும்பத்தில் பொறுப்பானவரிடமோ சொல்லிவிட்டுச் செய்யுங்கள். சொல்லிவிட்டாலே பாதி ஆபத்து நீங்கிவிடும்.

4. மறுக்கும் சொற்களை முன்கூட்டியே தயார் செய்யுங்கள்

நம் ஊரில் யாரும் யாரையும் வெறும் "நர்ஸ்" என்று விடுவதில்லை. இரண்டே நாளில் அக்காவாகிவிடுவீர்கள், மூன்றாம் நாள் மகளாகிவிடுவீர்கள். உறவுமுறை சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்தச் சொல்லும் மேல்நாட்டு அறிவுரை இங்கே ஒத்துவராது. ஒத்துவர வேண்டிய தேவையும் இல்லை. "பாட்டி" என்று கூப்பிடும்போது அவர் நிம்மதியடைகிறார் என்றால் கூப்பிடுங்கள். (பெயர் சொல்லியோ "ஐயா" என்றோ கூப்பிடுவதை விரும்புபவர்களும் உண்டு, கேட்டுக்கொள்வது நல்லது.) உறவு சொல்லி அழைத்துக்கொண்டே வேலையின் எல்லையில் உறுதியாக நிற்கலாம். குரலில் பாசம் இருக்கட்டும், முடிவு மாறாமல் இருக்கட்டும்.

மறுப்பில் மூன்று துண்டுகள் இருந்தால் கேட்பவருக்கு அடிபட்டதுபோல் இருக்காது. அவர் கஷ்டம் புரிகிறது என்பது ஒன்று, என்னால் எது முடியாது என்பது ஒன்று, அதற்குப் பதில் என்ன வழி என்பது ஒன்று. மூன்றாவதை விட்டுவிட்டால்தான் மறுப்பு கசக்கும்.

ஸ்கேன் ரிப்போர்ட்டைக் காட்டி "கேன்சரா சிஸ்டர், நீங்களாவது சொல்லுங்க" என்று ஒரு மகன் கெஞ்சுகிறார். "நீங்க எவ்வளவு தவிச்சுட்டு இருக்கீங்கன்னு தெரியுதுண்ணா. ரிப்போர்ட்டைப் பத்தி டாக்டர்தான் சொல்லணும், நான் அரைகுறையாச் சொன்னா உங்களுக்குத்தான் குழப்பம். காலையில ரவுண்ட்ஸ்ல அவர் வருவார். கேக்க வேண்டியதை ஒரு பேப்பர்ல எழுதி வையுங்க, நானும் ஞாபகப்படுத்துறேன்."

வீட்டுப் பராமரிப்பில், "வேலைக்காரம்மா இன்னைக்கு வரல, நீயே வீட்டைக் கூட்டித் துடைச்சிடேன்மா" என்கிறார்கள். "அம்மாவைத் தனியா விட்டுட்டு அந்தப் பக்கம் போனா, அவங்க எழுந்திருக்கப் பாத்து விழுந்துடுவாங்கக்கா. அவங்க ரூமை நான் சுத்தமா வெச்சுக்கறேன். மத்ததுக்கு வேற ஏற்பாடு பண்ணிடுங்க." இங்கே காரணம் நோயாளியின் பாதுகாப்பு. அது உண்மையும்கூட, அதனால்தான் எடுபடுகிறது.

"ஏன் உனக்கு இன்னும் கல்யாணம் ஆகல?", "சம்பளம் எவ்வளவு?" போன்ற கேள்விகளுக்கு ஒரு சிரிப்பும் "என் கதையை விடுங்க தாத்தா, நேத்து ராத்திரி தூங்கினீங்களா?" என்பதும் போதும். உங்கள் வாழ்க்கையைப் பற்றிச் சொல்லவே கூடாது என்றில்லை. எந்த ஊர், குழந்தை என்ன படிக்கிறது என்பதெல்லாம் பேச்சுக்குத் துணை. உங்கள் கடனையும் கணவரோடு நடந்த சண்டையையும் படுத்திருப்பவரிடம் இறக்கிவைக்கும்போதுதான் ஆள் மாறிவிடுகிறது. அவர் உங்களைக் கவனித்துக்கொள்ள ஆரம்பித்துவிடுகிறார்.

ஒன்றை மட்டும் தவிருங்கள்: பொய்க் காரணம். "போன் சுவிட்ச் ஆஃப் ஆயிடுச்சு", "ஊருக்குப் போறேன்" என்று சொன்னால் அடுத்த முறையும் ஒரு காரணம் தேட வேண்டும். காரணம் தீர்ந்துவிட்டால் மறுக்கும் உரிமையும் தீர்ந்துவிட்டது என்றாகிவிடும்.

5. போன்

சொந்த நம்பரைக் கொடுக்காமல் இருக்க முடிந்தால் கொடுக்காதீர்கள். வார்டுக்கு ஒரு பொது போன் இருந்தால் அந்த நம்பர் போதும். கிராம சுகாதார செவிலியர், வீட்டுப் பராமரிப்பாளர் போன்றவர்களுக்கு இது நடக்காது, அவர்கள் நம்பர்தான் ஊரின் நம்பர். அப்படியானால் வேலைக்கென்று இரண்டாவது சிம். அதில் வாட்ஸ்அப் பிசினஸ் செயலியைப் போட்டுக்கொண்டால், வேலை நேரம் முடிந்த பிறகு வரும் செய்திக்குத் தானாகப் பதில் போகும்படி அமைக்கலாம்: "நான் காலை 8 மணிக்குப் பார்ப்பேன். அவசரமென்றால் 108-ஐ அழையுங்கள்." அவசரத்துக்கு வழி சொல்லிவிட்டதால், போனைத் தள்ளிவைக்கும்போது குற்ற உணர்ச்சியும் வராது. உங்கள் ஸ்டேட்டஸை யார் பார்க்கலாம் என்பதையும் இன்றே மாற்றிவிடுங்கள். வார்டில் எடுத்த செல்ஃபியில் பின்னால் ஒரு நோயாளியின் முகம் இருந்தால், அதை எங்குமே போடக் கூடாது.

6. பணம், பரிசு, நகை

டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் ஸ்வீட் பாக்ஸ் தருவார்கள். வாங்கி, வார்டில் எல்லோரும் பகிர்ந்து சாப்பிடுங்கள். மறுத்தால்தான் மனது புண்படும். பணமும் தங்கமும் விலையுயர்ந்த சேலையும் வேறு. "நீ என் பொண்ணு மாதிரிம்மா, இதை வெச்சுக்கோ" என்றால்: "உங்க மனசே எனக்குப் போதும்மா. இங்க வேலை பாக்குற யாரும் இதை வாங்கக் கூடாது. நீங்க வீட்டுக்குப் போய் நல்லா இருந்தாப் போதும்." அன்றைக்கே இன்சார்ஜிடமோ குடும்பத்திடமோ சொல்லிவிடுங்கள். மறதி நோய் உள்ளவர் மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு மறுநாள் காணவில்லை என்று தேடினால், முதலில் சந்தேகப்படுவது உங்களைத்தான்.

கடன் வாங்கவும் வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம். மருந்து வாங்கக் காசில்லாத நோயாளிக்குப் பையிலிருந்து எடுத்துக்கொடுக்கும் சிஸ்டர்களின் மனசு பெரியது. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் மருத்துவ சமூகப் பணியாளர், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் போன்ற வழிகளை முதலில் காட்டினால், அடுத்த மாத மருந்துக்கும் உதவி கிடைக்க வாய்ப்புண்டு. நோயாளியின் கார்டு, பின் நம்பர், பீரோ சாவி எதையும் கையில் வாங்காதீர்கள். உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னாலும் விலகிவிடுங்கள்.

7. ரகசியம்

"யார்கிட்டயும் சொல்லாதே" என்று ஆரம்பித்தால், கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்: "உங்க உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் டாக்டர்கிட்ட சொல்லியாகணும். மத்தபடி என்னோட இருக்கும்." உயிரை விட்டுவிடலாம் போலிருக்கிறது என்று ஒருவர் சொன்னால், அதை வைத்துக்கொண்டு நீங்கள் மட்டும் வீட்டுக்குப் போக முடியாது. குழந்தைமீது நடந்த பாலியல் வன்முறை என்றால் வாக்குறுதிக்கே இடமில்லை. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் விடுவதே குற்றம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. முதியவரை வீட்டிலேயே அடிக்கிறார்கள், பட்டினி போடுகிறார்கள் என்று தெரிந்தால் 14567.

8. அத்துமீறித் தொட்டால், அடித்தால்

இதை "எல்லைப் பிரச்சினை" என்று மென்மையாகச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. மூளை பாதிப்பால் தன்னை அறியாமல் கைவைப்பவர் உண்டு. தெரிந்தே செய்பவரும் உண்டு. முதல் வகைக்கு, கையை மெதுவாக விலக்கி, "இது வேண்டாம் ஐயா" என்று உறுதியான குரலில் சொல்லி, குளிப்பாட்டும்போது இரண்டு பேராகப் போய், நடந்ததைக் குறிப்பில் எழுதி, மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். இரண்டாம் வகைக்கு விளக்கமோ பொறுமையோ தேவையில்லை. வெளியே வந்துவிடுங்கள்.

பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013 சட்டத்தில் மருத்துவமனையும் நர்சிங் ஹோமும் பணியிடங்களாகப் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. வீடும் அதில் பணியிடம்தான். பத்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் இப்படிப்பட்ட புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருந்தே ஆக வேண்டும். அதற்குக் குறைவான இடமென்றாலும், முதலாளி மீதே புகார் என்றாலும் மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம். சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதம் வரை கூட்டித் தரலாம். செய்தது சக ஊழியராக இல்லாமல் நோயாளியின் உறவினராக இருந்தாலும், உங்களைப் பாதுகாப்பது நிறுவனத்தின் கடமை. பெண்களுக்கான உதவி எண் 181. மருத்துவமனை ஊழியரை அடிப்பதற்கும் பொருள்களை உடைப்பதற்கும் தமிழ்நாட்டில் 2008 முதல் தனிச் சட்டமே இருக்கிறது. "பேஷண்டோட சொந்தக்காரர் கோபத்துல அடிச்சுட்டாரு, விடுங்க சிஸ்டர்" என்று யார் சொன்னாலும் விட வேண்டாம்.

9. டபுள் டூட்டியும் மேலிடமும்

நோயாளியிடம் மறுப்பதைவிட இன்சார்ஜிடம் மறுப்பதுதான் பலருக்குக் கஷ்டம். ஆள் பற்றாக்குறை உண்மைதான், நீங்கள் போய்விட்டால் வார்டு தவிக்கும் என்பதும் உண்மைதான். அந்த உண்மையை வைத்துத்தான் "இந்த ஒரு தடவை" என்கிறார்கள்.

மறுக்கும்போது உங்கள் களைப்பை முன்னே வைக்காமல் மருந்துத் தவறை முன்னே வையுங்கள். "மேடம், நான் நேத்து ராத்திரி டூட்டி பார்த்தேன். இப்ப இன்னும் எட்டு மணி நேரம் நின்னா இன்சுலின் அளவுல தப்பு பண்ணிடுவேனோன்னு பயமா இருக்கு. ரெண்டு மணி வரைக்கும் இருக்கேன், அதுக்குள்ள ஆள் மாத்திக் குடுங்க." அப்படியும் கட்டாயப்படுத்தினால், அன்றைக்கு எத்தனை நோயாளிக்கு எத்தனை சிஸ்டர் என்பதைத் தேதியோடு எழுதிக் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். டூட்டி மாற்றிக்கொள்வதையும் வாய்மொழியாக விடாமல் ரெஜிஸ்டரில் எழுதுங்கள். உதவி கேட்கும் தோழிக்கு ஒரு முறை மாற்றிக் கொடுங்கள், அடுத்த முறை நீங்கள் கேளுங்கள். கேட்கவே செய்யாதவரிடம்தான் எல்லோரும் கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

உலக சுகாதார நிறுவனம் தன் ஐசிடி 11 நோய் வகைப்பாட்டில் பணிச்சோர்வை விவரிக்கும்போது, சரியாகக் கையாளப்படாத நாள்பட்ட வேலை அழுத்தத்தால் வருவது என்கிறது. சக்தி வற்றிப்போவது, வேலையின்மேல் வெறுப்போ விலகலோ வருவது, திறன் குறைவது என்று மூன்று அடையாளங்களைச் சொல்கிறது. அதைத் தனி நோயாக அது கணக்கில் சேர்க்கவில்லை, வேலையோடு சேர்ந்த நிலையாகத்தான் வைத்திருக்கிறது. ஆகவே "மனசைத் திடமா வெச்சுக்கோ" என்ற அறிவுரை போதாது, ரோஸ்டரும் மாற வேண்டும். தூக்கம் கெட்டு, நோயாளியின் குரல் கேட்டாலே எரிச்சல் வருகிறது என்றால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

10. சொந்த வீடு

செவிலியர் வீட்டுக்கு வந்தாலும் டூட்டி முடிவதில்லை. மாமியாருக்கு பிபி பார்க்க வேண்டும், சித்தப்பாவின் ஸ்கேனுக்கு விளக்கம் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டில் "உடம்பு அசதியா இருக்கு, ஒரு குளுக்கோஸ் ஏத்திவிடேன்" என்பார்கள். கடைசியைக் கட்டாயம் மறுங்கள். மருத்துவர் எழுதாத மருந்தை, அவசர உதவி எதுவும் இல்லாத வீட்டில் ஏற்றி ஏதாவது ஆகிவிட்டால் பழியும் வழக்கும் உங்கள் மேல்தான். "டாக்டர் சீட்டு இல்லாம நான் ஊசியைத் தொடறதில்ல, வாங்க, ஆரம்ப சுகாதார நிலையத்துல யாரைப் பாக்கணும்னு சொல்றேன்." வீட்டில் உள்ள முதியவரைப் பார்த்துக்கொள்வதையும் "இவளுக்குத்தான் தெரியும்" என்று மொத்தமாக உங்கள் தலையில் கட்ட விடாதீர்கள். மாத்திரைப் பெட்டியில் வார மாத்திரைகளைப் பிரித்து வைப்பது, பிபி மிஷினில் அளவெடுத்து நோட்டில் எழுதுவது இரண்டையும் கணவருக்கோ மைத்துனருக்கோ கற்றுக்கொடுங்கள்.

11. ஏற்கெனவே கோட்டைத் தாண்டிவிட்டால்

பலருக்கு இதைப் படிக்கும் நேரத்திலேயே தாண்டியாகியிருக்கும். ஒரே நாளில் எல்லாவற்றையும் வெட்டிவிட வேண்டாம். உங்களையே நம்பியிருந்தவருக்கு அது கைவிட்டதாகத்தான் தெரியும். முதலில் உங்கள் மேலதிகாரி ஒருவரிடம் நிலைமையைச் சொல்லுங்கள். பிறகு நோயாளியிடம், பழியை அவர்மேல் போடாமல்: "இத்தனை நாள் எந்த நேரத்துலயும் போன் எடுத்தேன்ப்பா. இனிமே சாயந்தரம் ஆறு மணிக்கு அப்புறம் எடுக்க முடியாது. அந்த நேரத்துல வேணும்னா இந்த நம்பர்ல பேசுங்க, நான் அவங்ககிட்ட சொல்லி வெச்சிருக்கேன்." அந்த இன்னொருவரை நேரில் அறிமுகப்படுத்தி, ஓரிரு வாரம் இருவரும் சேர்ந்தே போய்விட்டு, அப்புறம் நீங்கள் பின்வாங்குங்கள். கோபப்படுவார், சோதித்துப் பார்ப்பார். ஒரு இரவு மட்டும் எடுத்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

வலித்தணிப்புச் சிகிச்சையில், குறிப்பாகக் குணப்படுத்த முடியாத நோயாளிகளை அவர்கள் வீட்டுக்கே போய்ப் பார்க்கும் வேலையில், இந்தக் கோடு கொஞ்சம் நெகிழும். நெகிழத்தான் வேண்டும் என்று நினைக்கிறேன். மாதக்கணக்கில் ஒரு வீட்டுக்குப் போய்வந்து, அவர்கள் தரும் காபியைக் குடித்து, கடைசி நாள்களில் உடன் இருந்துவிட்டு, அந்த நோயாளியின் சாவுக்குப் போகாமல் இருக்க முடியாது. போங்கள், அழுகை வந்தால் அழுங்கள். தனியாகப் போகாமல் குழுவாகப் போவது நல்லது. துக்க காலத்தில் ஒருமுறை வீட்டுக்குப் போய் விசாரிப்பதைக் குழுவின் வேலையாகவே வைத்துக்கொண்டால், அந்தக் குடும்பம் உங்களைத் தனியாகத் தேடி வராது. இறந்தவருடைய மகளின் வேலை, வழக்கு, சொத்துத் தகராறு எல்லாம் உங்கள் பொறுப்பாக மாறும்போதுதான் நிறுத்த வேண்டும்.

12. இன்சார்ஜ் சிஸ்டர்களுக்கும் நிர்வாகிகளுக்கும்

எல்லை வைப்பதை ஒவ்வொரு ஊழியரின் சொந்தத் துணிச்சலுக்கு விட்டுவிட்டால், வேலைக்குப் புதிதாக வந்தவரும் சம்பளம் போய்விடுமோ என்று பயப்படுபவரும்தான் நசுங்குவார்கள். "பரிசு வாங்குவதில்லை" என்று வார்டு வாசலில் தமிழில் எழுதி ஒட்டுங்கள். மறுக்கும் சிஸ்டர் அதைக் கைகாட்டினால் போதும், அவருக்குச் சங்கடம் இருக்காது. வார்டுக்கென்று ஒரு போன் வாங்குங்கள். வாட்ஸ்அப் குழுவில் ரோஸ்டர் தவிர வேறெதையும் இரவில் போடாதீர்கள், லீவில் இருப்பவரைக் குழுவில் டேக் செய்யாதீர்கள். ஒரு நோயாளி ஒரே சிஸ்டரைக் கேட்டு அடம்பிடித்தால், அவரை மட்டுமே அனுப்பிச் சமாளிக்காமல் கூடவே இன்னொருவரையும் அனுப்புங்கள். வார்டில் மரணம் நடந்த அன்று, ஷிஃப்ட் முடியும்போது பத்து நிமிடம் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசவிடுங்கள். டபுள் டூட்டிக்கு முடியாது என்று சொன்னவரை அடுத்த மாத ரோஸ்டரில் பழிவாங்காதீர்கள். மற்ற சிஸ்டர்கள் எல்லோரும் அந்த ரோஸ்டரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.